ஹெஷன் வீட்டு ஆறாத கிண்ணம்

டீலியா ஹெஷன் அமெரிக்காவிலிருந்து திரும்பி வந்த அந்த இலையுதிர் காலத்தில் ஒரு கிண்ணம் ஆட்டுக்கறி ஸ்டூ ஊற்றி மேசையில் வைத்தாள். அது ஒன்பது வருஷம் ஆறவில்லை. ஆவி பறந்துகொண்டே இருந்தது. ஓரத்தில் தெரிந்த கேரட் துண்டு வாடவில்லை, உருளைக்கிழங்கு கரையவில்லை, மேலே மிதந்த ஆட்டுக்கொழுப்பு ஒரு நாளும் உறையவில்லை. க்ளூனார் ஊரில் அதைப் பார்க்காதவர்கள் யாரும் கிடையாது. முதல் வாரம் எல்லோரும் வந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றார்கள். இரண்டாவது வாரம் அதன் ஆவியில் கையைச் சூடாக்கிக்கொண்டார்கள். அதற்கு அப்புறம் வந்தவர்கள் வரும்போதே காயவைக்க ஈரக் காலுறையையும் கொண்டுவந்தார்கள்.

டீலியா பதினேழு வயதில் பாஸ்டனுக்குக் கப்பலேறியவள். அங்கே ஒரு பெரிய வீட்டில் பதினைந்து வருஷம் அடுக்களையும் சாப்பாட்டு மேசையும் அவள் பொறுப்பு. அம்மா செத்த பிறகு, அப்பா மர்ட்டி ஹெஷன் ஒரு முட்டை வேகவைக்கக்கூடத் தெரியாமல் திண்டாடுகிறார் என்று கேள்விப்பட்டு, ஒரு பெட்டியும் இறகு வைத்த தொப்பியுமாகத் திரும்பி வந்தாள். கூடவே இரண்டு பாஸ்டன் பழக்கங்களும் வந்தன. ஒன்று, ஸ்டூவில் கேரட் போடுவது. இன்னொன்று, வந்தவர்களிடம் ஒரு தடவை கேட்டு, வேண்டாம் என்றால் அதோடு விட்டுவிடுவது. திரும்பத் திரும்பக் கேட்பது விருந்தாளியைத் தொந்தரவு செய்வது என்று அங்கே எஜமானியம்மா அவளைத் திருத்தியிருந்தாள். முதல் பழக்கத்தை ஊரே பார்த்தது. இரண்டாவதை யாரும் கவனிக்கவில்லை, டீலியா உட்பட.

ஃபெஸ்டஸ் மானியன் ஊரை ஒட்டிய சதுப்பு நிலத்துக்கு அந்தப் பக்கம் தனியாக இருந்தவன். கல்சுவர் கட்டுகிறவன். சுண்ணாம்பு கிடையாது, சாந்து கிடையாது. கல்லை எடுத்து ஒரு திருப்புத் திருப்பி வைத்தானானால் அது அங்கேயே பிறந்த மாதிரி உட்கார்ந்துகொள்ளும். மனிதர்களோடு பேசத்தான் அவனுக்கு நாக்கு எழாது. டீலியா கப்பலேறுவதற்கு முந்தின கோடையில், நாற்சந்தியில் நடந்த ஆட்டத்தில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு பாட்டுக்குப் பாதி ஆடியிருக்கிறான். மீதிப் பாதிக்குள் மழை வந்துவிட்டது. அந்தப் பாதிப் பாட்டை வைத்துக்கொண்டு பதினைந்து வருஷம் கல்யாணம் பண்ணிக்கொள்ளாமல் இருந்தான் என்றால் ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள். அவள் திரும்பி வந்த வாரமே மர்ட்டியிடம் போய், உங்கள் மேல் வயலில் சுவர் சரிந்து கிடக்கிறதே, நான் எடுத்துக் கட்டித் தருகிறேன், கூலியெல்லாம் வேண்டாம் என்றான். அந்தச் சுவர் சரிந்து ஆறேழு வருஷம் ஆகியிருந்தது. ஊருக்கு விஷயம் புரிந்துவிட்டது. டீலியாவுக்கும் புரிந்தது, அவன் வேலைக்கு வந்த அன்றைக்கு அவள் இறகுத் தொப்பியைப் போட்டுக்கொண்டு கோழிகளுக்குத் தீனி போட்டாள்.

அவனுக்காக வைத்ததுதான் அந்த ஸ்டூ. ஆட்டின் கழுத்துக் கறியை எலும்போடு துண்டு போட்டாள். மூன்று கால் இரும்புப் பானையின் அடியில் மெல்லிசாகச் சீவிய உருளைக்கிழங்கைப் பரப்பினாள், அது கரைந்துதான் குழம்பு கெட்டியாக வேண்டும். அதன் மேல் கறி, வெங்காயம், மறுபடி கறி. எல்லாவற்றுக்கும் மேலே முழு உருளைக்கிழங்குகள், அவை ஆவியிலேயே வேகும். உப்பு, மிளகு, தண்ணீர். எங்கள் ஊரில் அதோடு சரி. ஆனால் டீலியா ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள், மேல் வயலில் அவன் முதுகு தெரிந்தது, என்ன தோன்றியதோ, இரண்டு கேரட்டையும் வட்ட வட்டமாக நறுக்கிப் போட்டாள். தனக்குத் தெரிந்த நல்லதையெல்லாம் அந்தப் பானையில் போட்டுவிட வேண்டும் என்ற ஆசைதான், வேறொன்றும் இல்லை. பானையை அடுப்பு மேலே கொக்கியில் மாட்டி, சதுப்பில் வெட்டிக் காயவைத்த கரிமண் கட்டிகளை அடியில் நெருக்கமாக அடுக்கிவிட்டு மத்தியானம் வரை காத்திருந்தாள். ஸ்டூ தளதளவென்று கொதிக்கக் கூடாது. முணுமுணுத்துக்கொண்டே கிடக்க வேண்டும்.

மர்ட்டி அந்த நேரம் தொழுவத்தில் கன்று போடுகிற பசுவோடு இருந்தார். அவர் மட்டும் அடுக்களையில் இருந்திருந்தால் இதில் எழுத ஒன்றுமே இருந்திருக்காது. ஃபெஸ்டஸ் வாசலில் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, உள்ளே வந்து மேசை ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தான். தொப்பி புதுசு. ரத்தம் வருகிற அளவுக்கு மழமழவென்று சவரம் பண்ணியிருந்தான். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, வயிற்றை இந்த வேளைக்கென்று காலியாக வைத்திருந்தான். டீலியா கிண்ணத்தை நிரப்பி அவன் முன்னால் கொண்டுவந்தாள்.

“ஒரு கிண்ணம் சாப்பிடுறீங்களா, ஃபெஸ்டஸ்?”

“ஐயோ, வேண்டாங்க. இப்பத்தான் வீட்டுல சாப்பிட்டுட்டு வர்றேன்.”

“நிஜமாவா? நிறைய இருக்கு.”

“வேண்டாங்க, வேண்டாம். வயிறு ரொம்பிக் கிடக்கு.”

“சரி,” என்று சொல்லிவிட்டு டீலியா கிண்ணத்தை மேசையின் அந்தக் கோடியில் வைத்தாள்.

க்ளூனாரில் பல் முளைக்காத பிள்ளைக்குக்கூட இந்த முறை தெரியும். முதல் வேண்டாம் மரியாதைக்கு. இரண்டாவது வேண்டாம் வீட்டுக்காரர்களின் பெருமைக்கு, அதைக் கேட்டால்தான் அவர்கள் இன்னும் நன்றாக வற்புறுத்த முடியும். மூன்றாவது தடவை கேட்கும்போது, சரி, உங்க மனசு நோகக்கூடாது, ஒரே ஒரு கரண்டி என்று பெருமூச்சு விட்டுவிட்டு உட்கார்ந்து இரண்டு கிண்ணம் சாப்பிட வேண்டும். ஃபெஸ்டஸ் அந்த மூன்றாவதுக்காகக் காத்திருந்தான். தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கிண்ணத்தைப் பார்த்தான். டீலியாவோ, ஒரு தடவைக்கு இரண்டு தடவையாகக் கேட்டாகிவிட்டது, இதுவே அதிகம் என்று நின்றாள். அவன் கண் கேரட்டிலேயே நிலைகுத்தி இருந்ததை அவள் பார்த்தாள். கடைசியில் அவன், மழை வரும்போல இருக்கு என்றான். எங்கள் பக்கத்தில் அது ஒரு செய்தியே இல்லை. எழுந்து போய்விட்டான். சுவரில் இரண்டு ஆடு சேர்ந்து நுழைகிற அளவுக்கு ஒரு இடைவெளி பாக்கி இருந்தது. அதை அடைக்க அவன் வரவே இல்லை.

இவள் கேரட் பிடிக்காமல்தான் போனான் என்று நினைத்துக்கொண்டாள். தன்னைப் பிடிக்காமல்தான் கேட்பதை நிறுத்தினாள் என்று அவன் நினைத்துக்கொண்டான். இரண்டு பேரும் அவரவர் வீட்டில் உட்கார்ந்து அவரவர் நினைப்பை நெய் ஊற்றி வளர்த்தார்கள்.

மர்ட்டி தொழுவத்திலிருந்து வந்து, வீணாகப் போகிறதே என்று அந்தக் கிண்ணத்திலிருந்து ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தார். நாக்கு வெந்து ஒரு வாரம் பேச்சில்லாமல் கிடந்தார். திரும்பப் பானையில் கொட்டலாம் என்று டீலியா கிண்ணத்தைக் கவிழ்த்துப் பார்த்தாள், ஒரு சொட்டு விழவில்லை. நாய்க்கு வைத்தாள், நாய் மரியாதையாக விலகிப் போய்ப் படுத்தது. மறுநாள் காலையிலும் ஆவி பறந்தது. சந்தின் எதிர் வீட்டு வின்னி காய்ன் வந்து பார்த்தாள். ஊரில் நடப்பது நடப்பதற்கு முன்பே வின்னிக்குத் தெரிந்துவிடும். அவளே மூக்கின் மேல் விரலை வைத்தாள். அப்புறம் உள்ளே உற்றுப் பார்த்து, “ஏண்டியம்மா, கேரட்டா போட்டே? அப்புறம் எப்படி ஆறும்?” என்றாள்.

அன்றைக்கு ஆரம்பித்தது கேரட் சண்டை. ஊர் இரண்டாகப் பிரிந்தது. கேரட் போட்டதால்தான் இந்தக் கோளாறு என்று ஒரு கட்சி, கேரட் ஒரு பாவமும் அறியாதது, கறிதான் கிழட்டு ஆடு என்று இன்னொரு கட்சி. கேரட் கட்சிக்காரர்கள் சர்ச்சில் இடது பக்கம் உட்கார்ந்தார்கள். அண்ணனும் தம்பியுமே முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். ஃபாதர் டார்ப்பியைக் கூட்டிவந்து தீர்ப்புக் கேட்டார்கள். அவர் விரலை விட்டுப் பார்த்தார், சுடுது என்றார், விரலை வாயில் வைத்துக்கொண்டு யோசித்தார். ஸ்டூ ஆறித்தான் ஆக வேண்டும் என்று திருச்சபை எங்கேயும் சொன்னதாகத் தனக்கு நினைவில்லை என்றும், கறி ஆகாத வெள்ளிக்கிழமைகளில் மட்டும் அதைப் பற்றிப் பேசாமல் இருப்பது நல்லது என்றும் சொல்லிவிட்டுப் போனார். இதற்கெல்லாம் நடுவில் சதுப்புக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று யாருக்கும் பார்க்கத் தோன்றவில்லை.

அங்கே ஃபெஸ்டஸ் மானியனுக்குப் பசி அடங்காமல் போயிருந்தது. அன்றைக்கு வீட்டுக்குப் போய் ஒரு முழு ரொட்டியைத் தின்றான், பசித்தது. ஒரு பானை உருளைக்கிழங்கு அவித்துத் தின்றான், பசித்தது. சந்தைக்குப் போனால் பன்றிக்கால் அரை டஜனும் ஒரு வாளி மோரும் உள்ளே போகும், வாயைத் துடைத்துக்கொண்டு எழும்போது காலையில் எழுந்தவன் மாதிரி இருப்பான். இளைக்கவும் இல்லை, பருக்கவும் இல்லை. டாக்டர் வயிற்றைத் தட்டிப் பார்த்துவிட்டு, நல்ல வயிறு என்றார். ஊரார் முதலில் சிரித்தார்கள், பிறகு சுவர் வேலைக்கு அவனைக் கூப்பிடப் பயந்தார்கள். வேலைக்கு வந்தவனுக்குச் சாப்பாடு போடாமல் அனுப்ப முடியாதே. அவனும் எங்கேயும் யார் வீட்டிலும் உட்காரவில்லை. எத்தனை தடவை கேட்டாலும் வேண்டாம் என்று சொல்லக் கற்றுக்கொண்டான்.

வருஷங்கள் போயின. கிண்ணத்தின் பக்கத்தில் வைத்த மாவு அரை மணியில் பொங்கியது. மார்ச் மாதம் குளிரில் விறைத்துப் பிறந்த ஆட்டுக்குட்டிகளை அதன் அருகே சாக்கில் சுற்றி வைத்தார்கள். பெரும்பாலும் பிழைத்தன, பிழைத்தவை வளர்ந்து கிடாவான பிறகும் அடுக்களைக்குள் வர அடம்பிடித்தன. கல்யாணத் தரகர் ஒருத்தர் பார்ட்லி ரஃப்டர் என்கிற மாட்டு வியாபாரியை டீலியாவுக்குப் பார்த்துக் கூட்டிவந்தார். பார்ட்லி பணக்காரன், சத்தமான ஆள். கேரட்டெல்லாம் எனக்கு ஒரு பொருட்டே இல்லை என்று சொல்லிக்கொண்டே, யாரும் கேட்பதற்கு முன்னால் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்தான். ஸ்டூ பொங்கி அவன் மடியில் வழிந்தது. வழிந்ததெல்லாம் அவன் அலறிக்கொண்டு ஓடிய பிறகு திரும்பக் கிண்ணத்துக்கே போய்விட்டது என்று வின்னி சொல்கிறாள், அதை அவள் மட்டும்தான் பார்த்தாள். டீலியா அன்று வெகுநேரம் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டுக் கொஞ்சம் அழவும் செய்தாள்; பார்ட்லிக்காக அல்ல.

ஏனென்றால் அவள் தினமும் அந்தச் சுவரின் இடைவெளியைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். சர்ச்சில் ஃபெஸ்டஸ் கடைசி வரிசையில் நிற்பான். அவள் திரும்பினால் அவன் கூரையைப் பார்ப்பான். வயிறு மட்டும் பிரசங்கத்துக்கு நடுவே கடமுட என்று சத்தம் போடும். டீலியா கேரட் பயிரிடுவதையே விட்டுவிட்டாள். அவனுக்காகத்தான் விட்டாள், ஆனால் அது அவனுக்கு எப்படித் தெரியும்?

உலகப் போர் முடிந்த வருஷம் மர்ட்டி தூக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். நல்ல சாவு. வீடு நிறையக் கூட்டம். இத்தனை வருஷமும் வந்தவர்களை வற்புறுத்துகிற வேலையை மர்ட்டியே பார்த்துக்கொண்டார். அதில் அவர் கெட்டிக்காரர், ஆளைக் கதவைச் சாத்திப் பிடித்து வைத்துச் சாப்பிட வைப்பார். இப்போது அது டீலியாவின் தலையில் விழுந்தது. தட்டைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொருவரிடமும் போனாள். துக்கத்தில் வாய் தன்பாட்டுக்குப் பழைய வழியில் போயிற்று. கொஞ்சம் சாப்பிடுங்க. வேண்டாம்மா. கொஞ்சமாவது. ஐயோ, வேண்டாம். எனக்காக ஒரு வாய். சரி, உன் மனசு நோகக்கூடாது. இப்படிப் பத்துப் பேரைத் தாண்டி வின்னியிடம் வந்தாள். வின்னி முதல் தடவை வேண்டாம் என்றாள். இரண்டாவது தடவை, “வயிறு ரொம்பிக் கிடக்கு,” என்றாள்.

டீலியா அப்படியே நின்றுவிட்டாள். தட்டு கையிலேயே இருந்தது. வின்னி அந்த மூன்றாவதை எதிர்பார்த்து உதட்டை ஈரப்படுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், மூன்றாவது வரவில்லை. “நான் ரெண்டு தடவைதான் கேட்டேன், வின்னியக்கா,” என்றாள் டீலியா. வின்னி, “ஆமாடி, அதைத்தான் நானும் பார்த்துக்கிட்டிருக்கேன்,” என்று ரோஷமாகச் சொன்னாள். டீலியா அவளைச் சொல்லவில்லை.

விஷயம் தெரிந்துவிட்டதே, ஓடிப்போய்க் கேட்டுவிட வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு அவன் வாசலுக்குப் போக முடியாது. பெரும் பஞ்ச காலத்தில் எங்கள் பக்கம் சூப்புக் கிண்ணத்தோடு வாசல் வாசலாக வந்தவர்கள் உண்டு. மதம் மாறினால் சூப்பு. வாங்கிக் குடித்தவர்களின் பேரன் பேத்திகளைக்கூட இன்றைக்கும் சூப்புக் குடித்த வீடு என்றுதான் சொல்வார்கள். அதற்குப் பிறகு யாரும் யார் வாசலுக்கும் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு போவதில்லை, வாங்கினவன் குடும்பமே தலைகுனிய வேண்டிவரும். அவனைத்தான் இங்கே அழைக்க வேண்டும். ஒரு தனிப் பெண், தனியாக இருக்கிற ஆணின் வாசலில் போய் நின்று, ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் விட்டுப்போன ஒரு கேள்வியைக் கேட்பது எப்படி? சந்தையில் ஒரு தடவை அவன் எதிரே வந்தான். டீலியா வாயைத் திறந்தாள். மழை வரும்போல இருக்கு என்றாள். அவன், ஆமாம் என்றான். அவ்வளவுதான் முடிந்தது.

நாற்பத்தாறாம் வருஷக் கோடையில் மழை விடவே இல்லை. வெட்டிப் போட்ட கரிமண் ஒரு கட்டிகூடக் காயவில்லை. அடுத்து வந்த பிப்ரவரிக் கடைசியில், தவக்காலம் தொடங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை, பனி கொட்ட ஆரம்பித்தது. அந்த மாதிரிப் பனியை ஊரில் உயிரோடு இருந்த யாரும் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. வேலிகள் மறைந்தன, சுவர்கள் மறைந்தன, வின்னியின் வீட்டுக் கதவுக்குப் பதில் மாடி ஜன்னல் வழியாக ஆட்கள் வெளியே வந்தார்கள். ஈரக் கரிமண் புகைந்து அணைந்தது. தலைமுறை தலைமுறையாக அணையாத அடுப்புகள் ஒவ்வொன்றாக அணைந்தன. அப்போது ஊருக்கு ஹெஷன் வீட்டுக் கிண்ணம் ஞாபகம் வந்தது.

எல்லோரும் வந்தார்கள். இடது பக்கக் கட்சி, வலது பக்கக் கட்சி, கைக்குழந்தைகள், நான்கு பசுக்கள், ஃபாதர் டார்ப்பி, அவருடைய குதிரை. கிண்ணத்தைத் தரையின் நடுவில் வைத்து, அதன் மேலேயே பானையை ஏற்றி உருளைக்கிழங்கு அவித்தார்கள், பனியை உருக்கித் தேநீர் போட்டார்கள். அடுக்களை கோடைக்காலம் மாதிரி ஆகிவிட்டது. யாரோ பிடில் வாசித்தார்கள். கேரட் இல்லாவிட்டால் நாமெல்லாம் இந்நேரம் செத்திருப்போம் என்று ஒரு கட்சி சொல்ல, அடுத்த கட்சி முதல் தடவையாகப் பேசாமல் இருந்தது. டீலியா தலைகளை எண்ணிப் பார்த்தாள். ஒரு தலை குறைந்தது.

அவள் காலணியைப் போட்டுக்கொண்டு தலையில் சால்வையைக் கட்டினாள். எங்கே என்று கேட்டார்கள். ஃபெஸ்டஸைச் சாப்பிடக் கூப்பிடப் போகிறேன் என்றாள், எந்தக் கிண்ணத்தை என்றும் சொன்னாள். பிடில் நின்றது. அவனுக்கு ஏன் இத்தனை வருஷமாகப் பசி அடங்கவில்லை என்பது அந்த ஒரு நிமிஷத்தில் அறை முழுவதற்கும் விளங்கிவிட்டது. கூடவே, அவன் சாப்பிட்டுவிட்டால் கிண்ணம் என்ன ஆகும் என்பதும் விளங்கியது. பிள்ளைகளைப் பார், பசுக்களைப் பார் என்றார்கள். ஃபாதர் டார்ப்பி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வின்னி எழுந்து வந்து டீலியாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“பனி விடட்டும்டி. இவ்வளவு நாள் பொறுத்தவன், இன்னும் ஒரு வாரம் பொறுக்க மாட்டானா?”

“இவ்வளவு நாள் பொறுத்தார்ல, அதுக்குத்தான் போறேன்,” என்றாள் டீலியா. “அது அவர் சாப்பாடு, வின்னியக்கா. நாம இத்தனை வருஷமா அதுல காலுறை காயவச்சுக்கிட்டிருக்கோம்.”

வின்னி கையை விட்டுவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்துத் தன் கழுத்திலிருந்த கம்பளியையும் கழற்றி அவள் கழுத்தில் சுற்றிவிட்டாள்.

இடுப்பளவு பனியில் டீலியா வெறுங்கையோடு போனாள். எது வயல், எது சதுப்பு என்று தெரியவில்லை. போகிற வழியெல்லாம் மூன்று விதமாகக் கேட்பதற்கு வார்த்தைகளைத் தயார் பண்ணிக்கொண்டாள்: முதலில் சாதாரணமாக, அப்புறம் கொஞ்சம் அழுத்தி, அவன் மறுபடி வேண்டாம் என்றால் அப்பா மாதிரி வாசலை மறித்துக்கொண்டு. ஃபெஸ்டஸ் தன்னிடமிருந்த துணியையெல்லாம் மேலே போட்டுக்கொண்டு, அரைக்கதவின் பின்னால் நின்று பச்சை டர்னிப் கிழங்கைக் கடித்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் டர்னிப்பை முதுகுப் பக்கம் மறைத்தான். காதோரம் நரைத்திருந்தது. அவளுக்கும்தான்.

“ஃபெஸ்டஸ், சாப்பிட வர்றீங்களா?”

அவன் அவளையே பார்த்தான். அவள் இரண்டாவதற்கு வாயைத் திறந்தாள்.

“சரி,” என்றான் ஃபெஸ்டஸ். “உங்க மனசு நோகக்கூடாது. ஒரே ஒரு கரண்டி.”

அவள் எண்ணிக்கையில் அது முதல் தடவை; அவன் எண்ணிக்கையில் மூன்றாவது. இது புரிய டீலியாவுக்கு ஒரு மூச்சு நேரம் ஆயிற்று. புரிந்ததும் அந்தப் பனியில் நின்று தேம்பித் தேம்பி அழுதாள், அவன் என்ன செய்வதென்று தெரியாமல் டர்னிப்பை அவளிடம் நீட்டினான்.

ஹெஷன் வீட்டில் அவனுக்கு வழிவிட்டார்கள். அதே நாற்காலி. கிண்ணத்தை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். தவக்காலத்தில் கறியா என்று யாரோ முனகினார்கள். இது சமைத்தது ஒரு சாதாரண அக்டோபர் மாதம், அதனால் பாவமில்லை என்று ஃபாதர் டார்ப்பி உடனே தீர்த்துவைத்தார். ஃபெஸ்டஸ் முதல் கரண்டியை வாயில் வைத்தான். ஊரே தன் நாக்கைப் பிடித்துக்கொண்டது. அவனுக்குச் சுடவில்லை. சூடு சரியா இருக்கு என்றான். மெதுவாகச் சாப்பிட்டான், எலும்பை உறிஞ்சினான், உருளைக்கிழங்கை மசித்துக் குழம்பில் புரட்டினான். கேரட் வந்தபோது இரண்டு கட்சியும் மூச்சை நிறுத்தின. அவன் கரண்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான்.

“அன்னைக்கு இதைத்தான் பார்த்துட்டிருந்தேன்,” என்றான் டீலியாவிடம். “சாப்பாட்டுல இவ்வளவு அழகா ஒரு நிறத்தை நான் பார்த்ததே இல்ல. மூணாவது தடவை நீங்க கேட்டதும் அதைத்தான் சொல்லணும்னு இருந்தேன். அப்புறம் இன்னொண்ணும் கேட்கணும்னு இருந்தேன்.”

கிண்ணத்தை வழித்துத் தின்றுவிட்டுக் கரண்டியைக் கீழே வைத்து, போதும் என்றான். ஒன்பது வருஷத்தில் அந்த வார்த்தை அவன் வாயில் வந்ததில்லை. டீலியா, இன்னும் கொஞ்சம் என்றாள். போதும் என்றான். எனக்காக ஒரு கரண்டி என்றாள். நிஜமாகவே போதும் என்றான். மூன்றாவது தடவையும் கேட்டாள், அவன் வயிற்றைத் தடவிக்கொண்டு சிரித்தான்.

கிண்ணம் அவர்கள் கண் முன்னாலேயே ஆறிக் குளிர்ந்தது. வின்னி தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள். ஆளாளுக்குக் குழந்தைகளை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டார்கள். சற்று நேரத்தில் ஃபெஸ்டஸின் சட்டையிலிருந்து ஆவி வர ஆரம்பித்தது. பனியில் நனைந்ததுதான் காய்கிறது என்று நினைத்தார்கள். பிறகு அவன் நாற்காலிக்கு மேலே கூரையிலிருந்து பனி உருகிச் சொட்டியது. நான்கு பசுக்களும் ஒன்றாகத் திரும்பி அவன் பக்கம் முகத்தை வைத்துப் படுத்துக்கொண்டன. வின்னி தைரியமாக அவன் தோளைத் தொட்டாள், அப்புறம் பேரக்குழந்தையைக் கொண்டுவந்து அவன் மடியில் போட்டாள். பனி விடும் வரை ஊர் அவனைச் சுற்றித்தான் உட்கார்ந்திருந்தது. வாழ்நாள் முழுக்க மனிதர்களைக் கண்டால் ஒதுங்கினவன், மடியில் இரண்டு பிள்ளையும் முதுகில் சாய்ந்த ஒரு பாதிரியாருமாக, அசைய வழியில்லாமல், சந்தோஷமாக இருந்தான். கேட்க வேண்டியதை அங்கேயே அத்தனை பேர் முன்னாலும் கேட்டான். டீலியா முதல் தடவையிலேயே சரி என்றாள். அது முறையில்லை என்று வின்னி இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

ஈஸ்டர் முடிந்ததும் கல்யாணம் நடந்தது. விருந்துக்கு ஸ்டூ, ஒரு பானையில் கேரட் போட்டு, ஒரு பானையில் போடாமல். ஃபெஸ்டஸ் அந்த வசந்தத்தில் சுவரின் இடைவெளியை அடைத்தான். அவன் கை பட்ட கற்கள் குளிர்காலத்திலும் இளஞ்சூடாக இருக்கின்றன, ஆடுகள் அங்கேதான் ஒட்டிக்கொண்டு படுக்கும். மற்றபடி அவனிடம் ஒரு மாற்றமும் இல்லை. ஒரு கிண்ணம் சாப்பிடுவான், போதும் என்பான். மார்ச் மாதத்தில் குட்டி போடும் ஆடுகளுக்காகவும், ஜன்னி கண்ட குழந்தைகளுக்காகவும், பொங்காத மாவுக்காகவும் அவனை இரவல் கேட்டு வருவார்கள். டீலியா முதல் தடவை முடியாது என்பாள். இரண்டாவது தடவை, ஐயோ, இன்னைக்கு முடியவே முடியாது என்பாள். மூன்றாவது தடவை பெருமூச்சு விட்டு, சரி, உங்க மனசு நோகக்கூடாது, பொழுது சாயறதுக்குள்ள திருப்பி அனுப்பிடுங்க என்பாள். அதற்குள் ஃபெஸ்டஸ் தொப்பியைப் போட்டுக்கொண்டு வாசலில் தயாராக நிற்பான்.